வீட்டுக்கு நான்கு படி, கடைக்கு ஒரே படி

தமிழ்நாட்டில் சொத்து வரி ஏறுகிறது என்று செய்தி வந்தால் போதும், இரண்டு கச்சேரிகள் தொடங்கிவிடும். முதல் கச்சேரி குடியிருப்போர் நலச் சங்கத்தினுடையது. வீடு குடியிருக்கக் கட்டியது, அதில் சம்பாத்தியம் ஏது, ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர் எங்கே போவார், கல்லாப்பெட்டி வைத்திருப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். இரண்டாவது வணிகர் சங்கத்தினுடையது. ஜிஎஸ்டி, தொழில் வரி, உரிமக் கட்டணம், கரண்ட் பில் என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது, ஓட்டுக்காக வீடுகளைத் தடவிக்கொடுத்துவிட்டு எங்கள் தலையில் ஏற்றுகிறார்கள் என்பார்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டால் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். விளம்பர இடைவேளை தனி.

இரண்டு தரப்புமே பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. சொல்லாமல் விடுகிற பாதியில் ஒரு தையல் கடைக்காரரும், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரும், ஒரு மூலைக்கடை அண்ணாச்சியும் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தமிழக அரசு நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்துக்கும் சொத்து வரியைச் சீரமைத்து அறிவித்தது. (தேதி தற்செயலாக அமைந்ததுதான் என்று நம்புவோம்.) சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீத உயர்வு. 601 முதல் 1,200 வரை 75. 1,201 முதல் 1,800 வரை 100. அதற்கு மேல் 150. 2011இல் சென்னையோடு சேர்த்த பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் இதே நான்கு படிகள் 25, 50, 75, 100 என்று இறங்கி வரும். சின்ன வீட்டுக்காரர் தாங்கமாட்டார், பெரிய வீட்டுக்காரர் தாங்குவார் என்பது கணக்கு. நியாயமான கணக்கு. யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த வரிக்கு வருவோம். வணிகக் கட்டடங்களுக்கு உயர்வு எவ்வளவு? பழைய சென்னையில் 150. மற்ற ஊர்களில் 100. அவ்வளவுதான். படி கிடையாது. 120 சதுர அடியில் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பவருக்கும் 150, ஏழு மாடியில் எஸ்கலேட்டர் ஓடுகிற ஜவுளி மாளிகைக்கும் 150. வீட்டுக்காரர்களை நான்கு வகுப்பாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்குக் கடை என்று வந்ததும் கண் மங்கிவிட்டது. ஷட்டர் இருந்தால் கடை, கடை என்றால் வியாபாரி, வியாபாரி என்றால் பணக்காரர். தீர்ந்தது விஷயம்.

இதைவிட வேடிக்கை ஒன்று அதே அறிவிப்பில் இருந்தது. சுயநிதிப் பள்ளி, கல்லூரிக் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்னையில் 100 சதவீதம், மற்ற ஊர்களில் 75. அதாவது கேப்பிட்டேஷன் ஃபீஸ் பற்றி ஊரே பேசுகிற ஒரு துறைக்கு, பஞ்சர் ஒட்டுகிற கடையைவிடக் குறைந்த உயர்வு. யாருக்குத் தாங்கும் சக்தி அதிகம் என்பதை இந்த அறிவிப்பை எழுதியவர்கள் எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. கல்வி புனிதமானது என்றால் அரசுப் பள்ளிக்கு எதிரே நோட்டுப் புத்தகம் விற்கிற கடையும் கொஞ்சம் புனிதமானதுதானே?

இங்கே ஒரு மறுப்பு வரும். சதவீதம் ஒன்றுதானே, அடித்தளம் வேறு வேறல்லவா? பெரிய கடை ஏற்கெனவே அதிகம் கட்டுகிறது, அதன் 150 சதவீதம் பெரிய தொகை, சின்னக் கடையின் 150 சதவீதம் சின்னத் தொகை. சரிதான். ஆனால் அதே வாதம் வீட்டுக்கும் பொருந்துமே? 500 சதுர அடி வீடு குறைவாகக் கட்டிக்கொண்டிருந்தது, 3,000 சதுர அடி வீடு அதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரே சதவீதம் போட்டிருந்தாலும் பெரிய வீட்டுக்குப் பெரிய தொகைதான் வந்திருக்கும். அப்படியிருந்தும் நான்கு படி வைத்தார்கள். விகிதாசாரம் மட்டும் போதாது, சின்னவருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்ட கொள்கை அது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டியவுடன் அந்தக் கொள்கை எங்கே ஓடிப்போகிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொத்து வரியின் அஸ்திவாரம் வாடகை மதிப்பு. நிஜ வாடகை அல்ல, மாநகராட்சி ஒவ்வொரு தெருவுக்கும் நிர்ணயிக்கிற அடிப்படை மதிப்பு. 2022க்கு முன்பு வரை சென்னையில் குடியிருப்புக்கு இது மாதம் சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. ஒரு தெருவில் வீட்டுக்கு 2 ரூபாய், கடைக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி வீட்டின் மாத மதிப்பு 2,000 ரூபாய். 200 சதுர அடிக் கடையின் மாத மதிப்பும் அதே 2,000 ரூபாய். தேய்மானம், கழிவு எல்லாவற்றையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம். சதுர அடிக்குச் சதுர அடி கடை 5 மடங்கு கட்டுகிறது.

இந்த 5 மடங்கில் பெரிய தப்பில்லை என்றே சொல்லலாம். கடைத்தெருவின் நிஜ வாடகையும் வீட்டு வாடகையைவிடப் பல மடங்குதான். கடைத்தெருவுக்குக் குப்பை லாரி அதிகம் வர வேண்டும், விளக்கு அதிகம் எரிய வேண்டும், சாலை சீக்கிரம் தேயும். ஆனால் 2022இல் அந்த வீட்டுக்கு 75 சதவீதம், கடைக்கு 150. வீடு 1.75 மடங்கானது, கடை 2.5 மடங்கானது. இப்போது வகுத்துப் பார்த்தால் 5 மடங்கு இருந்த இடைவெளி 7 மடங்கைத் தாண்டுகிறது. 600 சதுர அடி வீட்டோடு ஒப்பிட்டால் 8 மடங்கைத் தாண்டுகிறது. ஏன் 7, ஏன் 8? அந்தத் தெருவில் திடீரென்று கடைகளின் குப்பை அதிகமானதா? வீட்டு வாடகை நின்றுவிட்டுக் கடை வாடகை மட்டும் ஏறியதா? அடித்தளமே வித்தியாசப்படுத்தித்தான் போடப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஏற்றுகிற சதவீதத்திலும் வித்தியாசம் காட்டினால் ஒரே காரணத்துக்கு இரண்டு தடவை வசூல் செய்ததாகத்தான் ஆகும்.

சரி, கடை சம்பாதிக்கிறது, வீடு சம்பாதிக்கவில்லையே என்பவர்களுக்கு. சம்பாத்தியத்துக்கு வரி போட வருமான வரி இருக்கிறது. விற்பனைக்கு ஜிஎஸ்டி இருக்கிறது. சொத்து வரி இந்த இரண்டுமல்ல. அது லாபத்தைப் பார்ப்பதில்லை, விற்பனையைப் பார்ப்பதில்லை. 2020 ஊரடங்கில் ஷட்டர் இறங்கிக் கிடந்த மாதங்களுக்கும் சொத்து வரி உண்டு. வணிகவியல் பாடத்தில் நிலையான செலவு என்று ஒரு அத்தியாயம் வரும். ஒரு மீட்டர் துணி தைத்தாலும் அதே செலவு, ஆயிரம் மீட்டர் தைத்தாலும் அதே செலவு. விற்பனை பெருகப் பெருக அந்தச் செலவு ஒவ்வொரு சரக்கின் மேலும் மெல்லியதாகப் பரவும். ஜவுளி மாளிகையில் அது ஒரு புடவைக்குச் சில காசாகக் கரைந்துவிடும். தையல் கடையில் அது ஒரு ஜாக்கெட் கூலியில் துருத்திக்கொண்டு நிற்கும். கூலியை ஏற்றினால் வாடிக்கையாளர் ரெடிமேடு வாங்கப் போய்விடுவார். எங்கே போவார்? அதே ஜவுளி மாளிகைக்குத்தான்.

வருமான வரியிலும் இதே கதை. வியாபாரத்துக்குக் கட்டிய சொத்து வரியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 25 சதவீத வருமான வரி கட்டுகிற நிறுவனம் 100 ரூபாய் சொத்து வரி கட்டினால், வருமான வரியில் 25 ரூபாய் மிச்சமாகிறது. நிஜச் சுமை 75தான். வாடகைக்கு விட்ட வீட்டின் உரிமையாளரும் வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று குடியிருப்போர் சங்கம் சொல்வது வாஸ்தவமான பேச்சு. ஆனால் அண்ணாச்சிக்கு மட்டும் இருக்கிறதா என்ன? விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டும் திட்டத்தில் இருப்பவர் எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க முடியாது. வருமானம் வரி வரம்புக்குள்ளேயே வராதவருக்குக் கழிக்கவே ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரிப் பயன் என்று ஒன்று உண்டே, சொத்து வரிக்கு அதுவும் கிடையாது. ஆக 100 ரூபாய்க்கு 100 ரூபாயும் முழுதாகச் சுமப்பவர்கள் இரண்டே பேர். சொந்த வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், சின்னக் கடைக்காரர் இன்னொருவர். இந்த இரண்டு பேரையும்தான் எதிரெதிரே நிற்க வைத்து மோத விடுகிறார்கள்!

உண்மையில் கடைக்குச் சொத்து வரி கட்டுவது யார் என்ற கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. நோட்டீஸ் கட்டட உரிமையாளர் பெயரில் வரும். ரசீதும் அவர் பெயரில். ஆனால் வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், வரி உயர்வு எதுவானாலும் வாடகைதாரர் பொறுப்பு என்று. பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் அந்த வரிகூடத் தேவையில்லை, அடுத்த ஒப்பந்தத்தில் வாடகையை ஏற்றிவிடலாம். ஆகப் பணம் கொடுப்பவர் கடைக்காரர், மாநகராட்சியின் கணக்கில் இருப்பவர் உரிமையாளர். அளவு தப்பாக எழுதியிருக்கிறார்கள், 120 சதுர அடியை 180 என்று போட்டிருக்கிறார்கள் என்று முறையிட வேண்டும் என்றாலும் உரிமையாளர்தான் போக வேண்டும். தன் பையிலிருந்து போகாத பணத்துக்காக மண்டல அலுவலகத்தில் நாலு நாள் நிற்க எந்த உரிமையாளருக்கு மனசு வரும்?

வாடகை மதிப்பை வைத்து வரி போடும் முறை வெள்ளைக்காரன் விட்டுப்போனது. 1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் எல்லாம் அவன் காலத்தவை. அவன் ஊரில் அந்த முறை இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. இங்கிலாந்தில் வணிகக் கட்டடத்துக்கான வரி, பொதுவாக அதில் தொழில் நடத்துகிறவர் பெயரிலேயே வருகிறது, உரிமையாளர் பெயரில் அல்ல. கொடுப்பவரே கேள்வி கேட்கலாம். இரண்டாவது, ஒரே ஒரு சின்ன இடம் வைத்து வியாபாரம் செய்கிறவருக்கு, அதன் ஆண்டு வாடகை மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்தால் 2017 ஏப்ரலிலிருந்து வரியே கிடையாது. 15,000 பவுண்டு வரை படிப்படியான சலுகை. கடைக்கும் படி வைக்கலாம், வைத்தால் வானம் இடிந்து விழாது என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் கொடுத்த சட்டத்தை நூறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தோம், அவன் செய்த திருத்தத்தைத்தான் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் இது வணிகர் சங்கத் துண்டுப் பிரசுரம் ஆகிவிடும். வரி ஏறும்போதெல்லாம் சங்கங்கள் முன்னால் நிறுத்துவது அண்ணாச்சியைத்தான். மேடையில் பேசும்போது பெட்டிக்கடை, டீக்கடை, கண்ணீர், தற்கொலை. கோரிக்கை மனுவைப் பார்த்தால் உயர்வை முழுவதுமாக ரத்து செய் என்று ஒரே வரி. முழுவதுமாக ரத்து செய்தால் யாருக்கு லாபம்? ஒரே தெருவில் ஒரே மதிப்பில் 120 சதுர அடிக் கடை ஒன்றும் 1,20,000 சதுர அடி மாளிகை ஒன்றும் இருந்தால், கடைக்காரருக்கு ஒரு ரூபாய் மிச்சமாகும்போது மாளிகைக்கு ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். அண்ணாச்சியின் கண்ணீரைக் காட்டி யார் யார் கைக்குட்டை வாங்கிக்கொள்கிறார்கள் பாருங்கள். சின்னக் கடைக்குத் தனிப் படி வை என்று சங்கங்கள் உரக்கக் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. படி என்று ஒன்று வந்துவிட்டால் மேல்படியும் வருமே.

தொழில் வரியைப் பற்றிய புலம்பலும் அப்படித்தான். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவுப்படி தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. 1988இல் வைத்த உச்சவரம்பு அது. அன்றைக்கு 2,500 ரூபாய் ஒரு நல்ல மாதச் சம்பளம். இன்றைக்குப் பெரிய வியாபாரிக்கு அது ஒரு வேளை ஓட்டல் பில். அதைச் சுமை என்று அவர் சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை என்ற கணக்குக்குத் திரும்பிப் போவோம். அதில்தான் பெரிய தில்லுமுல்லு ஒளிந்திருக்கிறது. சென்னையிலேயே மலிவான சந்தில் இருக்கும் கடைக்கு 4 ரூபாய். சென்னையிலேயே விலையுயர்ந்த வணிகச் சாலையில் இருக்கும் கடைக்கு 12 ரூபாய். அதாவது உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் வெறும் 3 மடங்கு. தியாகராய நகர் உஸ்மான் சாலையின் கடை வாடகைக்கும் வியாசர்பாடிச் சந்தின் கடை வாடகைக்கும் 3 மடங்குதான் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் புரோக்கர்கள் அடிக்க வருவார்கள். வாடகை மதிப்பு என்று பெயர் வைத்துவிட்டு, உயரத்தில் கூரை போட்டு, உச்சியில் இருப்பவரைக் குனியாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவருக்குத் தரை 4 ரூபாய், அதற்குக் கீழே போக முடியாது. 2022 உயர்வு இந்தக் கூரையையும் தரையையும் தொடவே இல்லை. எல்லாவற்றையும் அப்படியே 2.5ஆல் பெருக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. பழைய அநியாயம், புதிய சைஸில்.

இப்போது அந்தக் கூரையை எடுத்தால் என்ன நடக்கும்? 4 ரூபாய்ச் சந்துகளில் 120 சதுர அடித் தையல் கடைகள் ஆயிரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு 150 சதவீத உயர்வுக்குப் பதில், 600 சதுர அடி வீட்டுக்குக் கொடுத்த அதே 50 சதவீதம் போடலாம். மாத மதிப்பில் மாநகராட்சிக்குக் குறைவது 4,80,000 ரூபாய். இதை 1,20,000 சதுர அடி கொண்ட ஒரே ஒரு மாளிகையிடம் ஈடுகட்ட வேண்டுமானால், அதன் அடிப்படை மதிப்பை 12 ரூபாயிலிருந்து 13 ரூபாய் 60 காசு ஆக்கினால் போதும். 2.5ஆல் பெருக்கிப் பாருங்கள், கணக்கு நேராகும். ஆயிரம் கடைக்காரர்களின் நிவாரணத்துக்கு ஒரு மாளிகையின் 1 ரூபாய் 60 காசு! இதைச் செய்ய வீட்டுக்காரர் ஒருவரிடமிருந்தும் ஒரு பைசா கூடுதலாக வாங்க வேண்டாம். வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் நடுவே தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வீண் வேலை என்று சொல்வது இதனால்தான். தராசு ஆட வேண்டியது கடைக்கும் கடைக்கும் நடுவே.

வீட்டுக்காரர்களுக்கும் கசப்பான ஒரு பாடம் உண்டு. சென்னையில் 2022க்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது. மற்ற ஊர்களில் 2008இல். நடுவில் அதிமுக அரசு 2018 ஜூலையில் உயர்த்தியது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக எதிர்த்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தவுடன் 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது, கூடுதலாகக் கட்டியதை அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சரியாக 41ஆம் நாள் திமுக அரசு உயர்வை அறிவித்தது. இந்தத் தடவை எதிர்த்துப் போராடும் முறை அதிமுகவுடையது. பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரியை உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டுவிட்டது என்பது அரசின் சமாதானம். அந்த நிபந்தனை உண்மைதான். ஆனால் கடைக்குப் படி வைக்காதே என்று எந்த நிதிக்குழுவும் சொல்லவில்லை.

24 வருஷத்துக்கு 150 சதவீதம் என்பது கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 3.9 சதவீதம்தான். 50 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1.7. அந்தக் காலத்தில் பால் விலை, பெட்ரோல் விலை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எந்த வேகத்தில் ஏறின என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் 1998இன் 100 ரூபாய் 2022இல் 400 ரூபாயைத் தாண்டியிருக்கும். ஆக மொத்தத்தில் பார்த்தால் உயர்வு பெரிதே அல்ல. பெரிதாகத் தெரிந்தது ஒரே நாளில் வந்ததால். வருஷா வருஷம் கொஞ்சம் ஏறினால் அண்ணாச்சி அதை வாடகையோடு வாடகையாகச் சமாளித்திருப்பார். 24 வருஷம் தூங்கிவிட்டு ஒரே அடியில் எழுந்தால், அந்த 24 வருஷச் சலுகையை அனுபவித்தவர் ஒருவர், கடைசியில் அடி வாங்குகிறவர் இன்னொருவர். 2021இல் கடை எடுத்தவர் 1998லிருந்து சேர்ந்த பாக்கிக்கு எப்படிப் பொறுப்பாவார்?

1998இல் இயற்றிக் கிடப்பில் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் ஒருவழியாக 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு உயர்வு அதன் விதிகளில் இருக்கிறது. சென்னையில் 2024இல் 6 சதவீத உயர்வு வந்தபோது மறுபடியும் இரண்டு கச்சேரிகளும் தொடங்கின. அந்த ஆறைக் கேட்டு அலறுவது தப்பு. ஏறாத வரி என்பது சேர்த்து வைக்கப்பட்ட வரி. அலற வேண்டியது அந்த ஆறு எதன்மேல் ஏறுகிறது என்பதற்கு. படியில்லாத, கூரை போட்ட, கோணலான அதே அடித்தளத்தின் மேல் இனி ஒவ்வொரு உயர்வும் ஏறினால் கோணலும் கூட்டு வட்டியில் வளரும்.

வரி வலைக்குள் வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பெங்களூருவையும் ஜெய்ப்பூரையும் ஆராய்ந்தது. வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் அந்த நகரங்கள் வசூலிக்கவில்லை என்று கண்டது. தமிழ்நாட்டு நகரங்கள் மட்டும் உத்தமர்களாக இருக்க வாய்ப்பில்லை. வீடு என்று பதிவு செய்த கட்டடத்தில் கம்பெனி ஆபீஸ் நடக்கிறது, இரண்டு மாடிக்கு வரி கட்டுகிற கட்டடத்துக்கு நான்கு மாடி இருக்கிறது. மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியே ஊராட்சி நிலத்தில் ஆன்லைன் வியாபாரத்தின் கிடங்குகள் முளைக்கின்றன. அவற்றுக்கு மாநகராட்சி விகிதம் பொருந்தாது. ஆனால் அங்கிருந்து கிளம்பும் வேன்கள் நாள் முழுக்க மாநகராட்சிச் சாலையில்தான் ஓடுகின்றன, அண்ணாச்சியின் வாடிக்கையாளர் வீட்டு வாசல் வரைக்கும். அந்தச் சாலைக்கு அண்ணாச்சி வரி கட்டியிருக்கிறார்.

இன்னும் பரிதாபம் வீட்டின் முன்னறையில் இட்லிக் கடை போட்ட அம்மாவின் நிலைமை. நாலு பக்கம் சுற்றித் தேடாமல் கண்ணுக்கு எதிரே அகப்படுகிற சொத்து அதுதான். முன்னறை வணிகம் என்று பதிவாகிவிட்டால் அந்தப் பகுதி மட்டும் 50 சதவீதப் படியிலிருந்து 150க்குத் தாவும். கரண்ட் இணைப்பும் வணிகத்துக்கு மாறும். வீட்டுக்காரரா, கடைக்காரரா என்று கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்? காலையில் பத்து மணி வரை கடைக்காரர், அப்புறம் வீட்டுக்காரர். அரசு அறிவிப்பில் இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன, அவருக்கென்று மூன்றாவது கட்டம் இல்லை.

200 சதுர அடிக்குள் இருக்கும் கடைகளுக்கு வீட்டின் முதல் படியை அப்படியே கொடுப்பதற்கு எந்தப் பெரிய சட்டத் திருத்தமும் வேண்டியிருக்காது. 2022இல் வீடுகளுக்கு எப்படிக் கொடுத்தார்களோ அதே மாதிரி ஓர் அரசாணை போதும். அளவு மாநகராட்சியின் கணினியிலேயே இருக்கிறது. ஒரே உரிமையாளர் பெரிய கட்டடத்தை 200 சதுர அடித் துண்டுகளாக வெட்டிக் காட்டி ஏமாற்றுவார் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஏமாற்றத்தான் பார்ப்பார். அதற்குத்தான் வரிக் கணக்கில் தொழில் நடத்துகிறவரின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பது. ஒரு பெயருக்கு ஒரு சின்னக் கடை, ஒரு சலுகை. இங்கிலாந்தில் பொதுவாக அப்படித்தான் செய்கிறார்கள்.

கடைக்காரரின் பெயர் கணக்கில் ஏறினால் இன்னொரு சில்லறை விஷயமும் நேராகும். சென்னை மாநகராட்சி அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டுபவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கொடுக்கிறது. நல்ல திட்டம். பணம் அண்ணாச்சியுடையது, ஊக்கத்தொகை உரிமையாளரின் மதிப்பீட்டு எண்ணுக்குப் போகிறது. அதை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி யாராவது கேட்டுப் பார்க்கட்டும். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு இடத்தைக் காலி பண்ணு என்பார் கட்டடக்காரர்.